முள்மரம் அகன்ற பிறகு நிலம் யாருக்கு?

இராமநாதபுரம் மாவட்டத்தில் கண்மாய் ஒன்றின் கரையில் நாங்கள் நின்றிருந்தோம். கொத்தடிமைத் தொழிலாளர் வழக்கு ஒன்றிற்காகச் சாட்சிகளைச் சந்திக்கச் சென்ற பயணம் அது. கண்மாயின் உட்பகுதி முழுவதும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. ஒரு மூலையில் மண் அள்ளும் இயந்திரம் மரங்களை வேரோடு பெயர்த்துக்கொண்டிருந்தது. கரையில் சேரிப் பெண்கள் சிலர் விறகுக்காகக் காத்திருந்தனர். மரம் முழுவதும் ஏலம் எடுத்தவருக்குச் சொந்தம் என்றும், சுள்ளியைக்கூடத் தொடக்கூடாது என்றும் அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. அவர்களுள் மூத்தவர் ஒருவர் எங்களிடம் சொன்னார்: "கம்மாயில தண்ணி நின்னா எங்களுக்கும் நல்லதுதான் தம்பி. மரத்த எடுக்கட்டும். வெட்டுற மரம் யாருக்கு, வெட்டுன பெறகு அந்த எடம் யாருக்குன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

சீமைக்கருவேலம் குறித்துக் கடந்த பத்தாண்டுகளில் தமிழகத்தில் எவ்வளவோ பேசப்பட்டுவிட்டது. நீதிமன்றங்கள் ஆணையிட்டன, அரசு கொள்கை வகுத்தது, கல்லூரி மாணவர்கள் அரிவாளுடன் களமிறங்கினர். ஆனால், அந்தப் பெண்மணி கேட்ட இரண்டு கேள்விகளுக்கு இவை எவற்றிலும் நேரடியான விடை இல்லை. ஒரு தாவரத்தை அகற்றுவது சூழலியல் பணி மட்டுமன்று. அந்தத் தாவரம் நிற்கும் நிலம் பொதுநிலமாக இருக்கும்போது, அதை அகற்றுவது ஒரு சொத்துப் பங்கீடும் ஆகும். பங்கீடு எங்கெல்லாம் நடக்கிறதோ, அங்கெல்லாம் சாதி வந்து அமர்கிறது என்பதே நம் அனுபவம். இக்கட்டுரை அந்தப் பங்கீட்டைப் பற்றியது.

வேலிக்கு வந்த மரம்

சீமைக்கருவேலம் இம்மண்ணின் மரம் அன்று. புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா என்று அறிவியல் உலகம் நெடுங்காலம் அழைத்து வந்த இந்த மரத்தின் தாயகம் நடு அமெரிக்காவும் தென் அமெரிக்காவின் வடபகுதியும் கரீபியத் தீவுகளும் ஆகும். 1870களில் காலனிய அரசு இதன் விதைகளை இந்தியாவிற்குக் கொண்டுவந்தது. வறண்ட நிலத்தில் விறகு கிடைக்கவும், மணல் பரவலைத் தடுக்கவும் உதவும் என்பது அன்றைய கணக்கு. விடுதலைக்குப் பிறகும் வறட்சி மாவட்டங்களில் அரசே இதைப் பரப்பியது. பயிரைக் காக்கும் வேலியாக நடப்பட்டதால் 'வேலிகாத்தான்' என்ற பெயரும் இதற்கு உண்டு. ஆக, இது தானாக ஊடுருவிய மரம் அன்று. அரசின் திட்டத்தால் வந்த மரம்.

வந்த மரம் இவ்வளவு பரவியதற்குக் காரணம் அதன் உடலமைப்பிலேயே இருக்கிறது. காய் இனிப்பானது, ஆடுமாடுகள் விரும்பித் தின்கின்றன. கடினமான விதை, விலங்கின் குடலைக் கடந்து, முளைப்பதற்கு ஏற்ற பக்குவத்துடன் சாணத்தோடு வெளியேறுகிறது. விலங்குகளைக் கொண்டு விதையைப் பரப்பப் பரிணாமம் கண்டடைந்த வழி அது. இலையையோ கால்நடைகள் பெரும்பாலும் தொடுவதில்லை. எனவே காயைத் தின்று விதையைப் பரப்பும் ஆடு, முளைத்து வரும் செடியை மேய்ந்து அழிப்பதில்லை. வேர் மிக ஆழமாகச் செல்லும். காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் நிலைநிறுத்தும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் வளமற்ற மண்ணிலும், உவர் நிலத்திலும் தாக்குப்பிடிக்கும். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல கிளைகளாகத் துளிர்க்கும். அதன் நிழலில் பிற செடிகள் எளிதில் வளர்வதில்லை.

இதனால் ஏற்பட்ட சேதம் உண்மையானது. கோடியக்கரையிலும் வல்லநாட்டிலும் வெளிமான்கள் வாழும் திறந்தவெளிப் புல்வெளிகளை இம்மரம் ஆக்கிரமித்தது. கண்மாய்களிலும் வரத்துக் கால்வாய்களிலும் மண்டி, நீரோட்டத்தைத் தடுத்தது. அதே வேளையில், 'காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையையே தடுக்கிறது', 'கால்நடைகளை மலடாக்குகிறது' என்பன போன்று வாட்ஸ்அப்பில் பரவிய கூற்றுகளுக்கு உறுதியான அறிவியல் சான்று கிடையாது. உண்மையான சேதத்தைச் சொல்லவே போதுமான காரணங்கள் இருக்கையில், ஒரு மரத்தை அரக்கனாகச் சித்திரிக்க வேண்டிய தேவை இல்லை. அரக்கன் என்று ஒன்றை அறிவித்துவிட்டால், அதை அழிக்கும் முறை குறித்துக் கேள்வி கேட்பவரும் எதிரியாகிவிடுகிறார்.

முறை குறித்துக் கேட்கவேண்டிய சூழலியல் கேள்விகளும் இருக்கின்றன. இராமநாதபுரம் மாவட்டத்தின் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்கள் 2022இல் ராம்சார் தலங்களாக அறிவிக்கப்பட்டன. வலசை வரும் நாரைகள் அங்கே கருவேல மரங்களில்தான் கூடு கட்டுகின்றன. நாட்டுக்கருவேலத்திற்கும் சீமைக்கருவேலத்திற்கும் வேறுபாடு தெரியாத இயந்திரம் இரண்டையும் ஒன்றாகவே பெயர்க்கும். அந்த வேறுபாட்டைத் தூரத்திலிருந்தே சொல்லக்கூடியவர்கள் ஆடு மேய்ப்பவர்களும் விறகு வெட்டுபவர்களும்தாம். ஆனால் அகற்றும் பணியைத் திட்டமிடும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை.

கரிமூட்டத்தின் இரு முகங்கள்

வானம் பார்த்த பூமியில் நிலமற்ற ஒரு குடும்பம் ஆண்டில் சில மாதங்களே விவசாயக் கூலி பெற முடியும். எஞ்சிய மாதங்களில் ஒன்று ஊரைவிட்டு வெளியேற வேண்டும். அல்லது நிலவுடைமையாளரிடம் கடன்பட வேண்டும். இந்த இடைவெளியில்தான் சீமைக்கருவேலம் வந்து நின்றது. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களில் விறகு வெட்டுவதும் கரிமூட்டம் போடுவதும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கோடைக்கால உணவாயின. மரத்தை எரித்து மின்சாரம் தயாரிக்கும் சிறு நிலையங்களும் இப்பகுதியில் தோன்றின. எவருடைய வயலிலும் குனிந்து நிற்காமல் ஒரு நாள் கூலியை ஈட்ட இந்த மரம் சிலருக்கு வழிசெய்தது. 'பாழ்படுத்தும் மரம்' என்று பொதுவாகச் சொல்லும்போது, அது யாருடைய வாழ்வைப் பாழ்படுத்தியது, யாருடைய வாழ்வைத் தாங்கியது என்றும் கேட்க வேண்டும்.

இதைச் சொல்வதால் கரிமூட்டத்தை நாம் போற்றுகிறோம் என்று பொருளன்று. வெட்டிய விறகை நெருக்கமாக அடுக்கி, மேலே இலைதழைகளைப் பரப்பி, மண் பூசி மூடி, நாள்கணக்கில் கனலவிடுவது கரிமூட்டம். மூடிய மண்ணில் எங்கேனும் வெடிப்பு விட்டால் காற்று புகுந்து, கரியாக வேண்டிய விறகு சாம்பலாகிவிடும். எனவே இரவும் பகலும் புகைக்குள் நின்று காவல் காக்க வேண்டும். சாம்பலான விறகின் இழப்பு பல இடங்களில் தொழிலாளியின் கணக்கிலேயே எழுதப்படுகிறது. அந்தக் கணக்கின் முதல் வரி முன்பணம். பிள்ளையின் மருத்துவத்திற்கோ திருமணத்திற்கோ வாங்கிய சில ஆயிரங்கள் ஒரு குடும்பத்தை ஆண்டுக்கணக்கில் கட்டிப்போடுகின்றன.

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்டனர். இருளர் குடும்பங்கள் அவர்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் முதியவர் ஒருவர் விழும் படம் நாடெங்கும் பரவியது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டு 43 ஆண்டுகள் கடந்த பிறகு நடந்தது இது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்புதான் என்று 1982இல் ஆசிய விளையாட்டுத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கட்டாய உழைப்பு மெய்ப்பிக்கப்பட்டால், அது முன்பணத்திற்கோ வேறு பொருளாதாரப் பயனுக்கோ ஈடாகப் பெறப்பட்டது என்று ஊகிக்க வேண்டும். அவ்வாறன்று என மெய்ப்பிக்கும் சுமை வேலை வாங்கியவருடையது என்று 1983இல் பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் சொன்னது. பட்டியல் சாதி, பழங்குடி மக்களைக் கொத்தடிமையாக வேலை வாங்குவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் குற்றம். ஆனால் மரம் அகற்றுவதற்கான ஏல அறிவிப்புகளில் ஏலத்தொகையும் கால அளவும் இருக்கின்றன. வெட்டுபவருக்கான கூலி இல்லை. இயற்கையை மீட்கும் பணி மனிதரை அடிமைப்படுத்தும் பணியாக மாறாமல் தடுக்கும் ஒரு வரியும் அவற்றில் இல்லை.

கேட்கப்படாத தரப்பு

2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, சீமைக்கருவேல மரங்களைப் போர்க்கால வேகத்தில் அகற்றுமாறு ஆணையிட்டது. பணிகளைக் கண்காணிக்க வழக்குரைஞர் ஆணையர்கள் நியமிக்கப்பட்டனர். அதே ஆண்டு ஏப்ரலில், இம்மரத்தின் தீங்கு குறித்துப் போதிய அறிவியல் ஆய்வு இல்லாமல் இவ்வாறு அகற்றலாமா என்ற கேள்வியுடன் சென்னையில் வேறொரு வழக்கு வந்தது. தலைமை நீதிபதி தலைமையிலான அமர்வு இடைக்காலத் தடை விதித்தது. பின்னர் வழக்கு பல கட்டங்களைக் கடந்தது. 2022இல் தமிழக அரசு, அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்றுவதற்கும் சூழல் மீட்டெடுப்பிற்குமான கொள்கையை வெளியிட்டது.

இந்த நீண்ட பயணத்தில் விவாதிக்கப்பட்டவை இரண்டு: மரம் தீயதா, இல்லையா? அகற்ற எவ்வளவு காலம் ஆகும்? மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. அகற்றுவதால் வாழ்வு பறிபோகிறவர் யார்? விறகு பொறுக்கும் பெண்களோ, கரிமூட்டத் தொழிலாளரோ வழக்கின் மையத் தரப்பாக ஒருபோதும் இருக்கவில்லை. மறுதரப்பைக் கேட்காமல் தீர்ப்பளிக்கக் கூடாது என்பது சட்டக் கல்லூரியின் முதல் ஆண்டிலேயே நாங்கள் படித்த பாடம். பொதுநல வழக்கில் மறுதரப்பு மரம் என்று எண்ணிக்கொண்டதால், அந்த மரத்தை நம்பியிருந்த மனிதர் கண்ணில் படாமல் போயினர்.

புறம்போக்கு எவருடைய போக்கு?

இப்போது அந்தப் பெண்மணியின் இரண்டாவது கேள்விக்கு வருவோம்.

வரி விதிக்கப்படாத நிலம் என்ற பொருளில் வருவாய்த் துறை ஏட்டில் இடம்பெற்ற சொல் 'புறம்போக்கு'. இன்று அது வசைச்சொல்லாகிவிட்டது. நிலத்தை வரியாக மட்டுமே பார்த்த ஆட்சிக்கு, வரி தராத மேய்ச்சல் நிலமும் முள்காடும் தரிசாகத் தெரிந்தன. அந்தப் பார்வை இன்றும் மாறவில்லை. நாட்டின் 'தரிசு நில வரைபடம்' புதர்க்காடுகளையும் பாழ்நிலக் கணக்கிலேயே சேர்க்கிறது. ஆனால் நிலமற்றவருக்கு ஆடு மேய்ப்பதும், விறகு எடுப்பதும், இறந்தோரைப் புதைப்பதும் அந்த 'பாழ்' நிலத்தில்தான்.

பொதுவளம் என்று ஏட்டில் இருப்பது நடைமுறையில் எல்லோருக்கும் பொதுவாக இருந்ததில்லை. 1927 மார்ச் 20 அன்று மகாத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் இறங்கி நீர் அருந்தினார். சட்டப்படி அந்தக் குளம் அதற்கு முன்பே தீண்டப்படாதோருக்கும் திறந்துவிடப்பட்டிருந்தது, வழக்கத்தில் மூடப்பட்டிருந்தது. ஏட்டிற்கும் வழக்கத்திற்கும் இடையிலுள்ள அந்த இடைவெளியே இன்றும் நம் கண்மாய்களில் நிலவுகிறது. கண்மாய் மீனையும் கரை மரத்தையும் ஏலம் விடுவது ஊராட்சி. ஏலம் கூறும் இடம், கேட்கத் துணிபவர், கட்டவேண்டிய முன்வைப்புத் தொகை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், சேரியிலிருந்து ஒருவர் அந்த ஏலத்தை எடுப்பது எவ்வளவு அரிது என்பது விளங்கும்.

ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டபோது பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊர்களில் 1996 முதல் 2006 வரை முறையான தேர்தலே நடத்த முடியவில்லை. மேலவளவில் தலைவர் முருகேசனும் உடன் சென்றோரும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்துப் படுகொலை செய்யப்பட்டனர். அந்த எதிர்ப்பை வெறும் கௌரவப் பிரச்சினையாகப் பார்ப்பது பிழை. தலைவரின் கையெழுத்து, குளத்தையும் மரத்தையும் பொதுநிலத்தையும் யார் அனுபவிப்பது என்பதைத் தீர்மானிக்கும் கையெழுத்து.

தமிழகத்தில் நிலம் குறித்த நம் நினைவு பஞ்சமி நிலத்திலிருந்து தொடங்குகிறது. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் தரிசு நிலங்கள் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டன. பிறருக்கு விற்க முடியாது என்ற நிபந்தனையும் இருந்தது. நிபந்தனை ஏட்டில் நின்றது, நிலம் கைமாறியது. அவற்றை மீட்கக் கோரி 1994இல் காரணையில் நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் இரு உயிர்கள் பலியாயின. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: 1892இல் நம் முன்னோருக்குத் தரிசு தரப்பட்டது, அதைத் திருத்த உழைப்பு தேவைப்பட்டதால். திருத்தி முடித்தபின் அது மதிப்புள்ள நிலமானது. மதிப்புள்ள நிலமானபின் பறிபோனது. முள்காட்டை அகற்றும் இன்றைய திட்டத்திலும் இதே வரிசை திரும்ப நிகழாது என்பதற்கு என்ன உறுதி?

இந்த அச்சம் கற்பனையன்று. முள் அகன்ற நிலம் மறுநாளே மதிப்பு பெறுகிறது. அருகிலுள்ள பட்டாதாரர் தன் வரப்பை நகர்த்துகிறார். கட்டுமான நிறுவனங்களும் எரிசக்தி நிறுவனங்களும் நிலம் தேடி வருகின்றன. கமுதி அருகே ஏறத்தாழ 2,500 ஏக்கர் பரப்பில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016இல் இயங்கத் தொடங்கியதிலிருந்து, வறண்ட மாவட்டத்தின் தரிசும் பெருமுதலீட்டின் வரைபடத்திற்குள் வந்துவிட்டது.

ஆக்கிரமிப்பு என்ற சொல்

நீர்நிலையைக் காக்கும் சட்டங்கள் நமக்கு எதிரானவை அல்ல. கண்மாய் கண்மாயாகவே இருக்க வேண்டும்; அதில் நமக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அந்தச் சட்டங்கள் யார்மீது முதலில் பாய்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் 2007இல் வந்தது. அதன் கீழ் அறிவிப்பு ஒட்டப்படும் முதல் கதவு பெரும்பாலும் கரையோரக் குடிசையின் கதவு. கரைக்குள் கரும்பும் தென்னையும் வளர்த்திருப்பவருக்கு அளவீடு, மறு அளவீடு, தடையாணை என்று ஆண்டுகள் கிடைக்கின்றன.

பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்ற நாடு முழுவதும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு, ஜக்பால் சிங் வழக்கில் 2011 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கியது. அதே தீர்ப்பு ஒரு விதிவிலக்கையும் சொல்கிறது. நிலமற்ற தொழிலாளருக்கோ பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கோ அரசின் அறிவிக்கையின் கீழ் குத்தகை வழங்கப்பட்டிருந்தால், அத்தகைய சிறப்பு நேர்வுகளில் வரன்முறைப்படுத்தலாம் என்கிறது. தீர்ப்பின் முதற்பாதியை மேற்கோள் காட்டும் அரசு மனுக்களில் இந்த விதிவிலக்கை நாங்கள் கண்டது மிக அரிது. நாமும் அதைப் போதிய அளவு எடுத்து வைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

காலநிலை உரிமையில் நம் பங்கு

2024 மார்ச் 21 அன்று எம்.கே. ரஞ்சித்சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் முக்கியமான ஒன்றைச் சொன்னது. காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபட்டு வாழும் உரிமை, அரசமைப்பின் 14, 21 ஆகிய பிரிவுகளிலிருந்து பிறக்கிறது என்பதே அது. வழக்கு கானமயிலைப் பற்றியது. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் புல்வெளியில் வாழும் அப்பறவை மின்கம்பிகளில் மோதி இறப்பதைத் தடுக்கத் தொடரப்பட்டது. பறவையைக் காப்பதா, சூரிய மின்சாரத்தை வளர்ப்பதா என்ற சிக்கலில் இவ்வுரிமை அறிவிக்கப்பட்டது. காலநிலைக் கேடு எல்லோரையும் சமமாகத் தாக்குவதில்லை. ஏழைச் சமூகங்களே கூடுதலாகத் துன்புறுகின்றன என்பதால் அது சமத்துவத்தின் கேள்வியும் ஆகும் என்று நீதிமன்றம் கண்டது.

இந்தத் தீர்ப்பு நமக்கு ஒரு கருவி. காலநிலை உரிமை 14ஆம் பிரிவிலிருந்தும் பிறக்கிறது என்றால், காலநிலைக்காகச் செய்யப்படும் பணிகளும் சமத்துவத்தின் உரைகல்லில் உரசிப் பார்க்கப்பட வேண்டும். கண்மாயைத் தூர்வாருவதும், அயல் தாவரத்தை அகற்றுவதும், நாட்டு மரங்களை நடுவதும் காலநிலைப் பணிகள்தாம். அவற்றின் கூலி, மரம், நிலம், நீர் ஆகிய நான்கும் எவ்வாறு பங்கிடப்படுகின்றன என்பதை நீதிமன்றத்தில் கேட்க இனி நமக்கு அரசமைப்பு அடிப்படை உண்டு.

மற்றொரு கருவி ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புத் திருத்தச் சட்டம், ஒரு பகுதியின் பொதுச் சொத்து வளங்களைப் பிறருக்குச் சமமாகப் பயன்படுத்தவிடாமல் பட்டியல் சாதி, பழங்குடி மக்களைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. குளமும் ஆறும் சுடுகாடும் அப்பிரிவில் பெயர் சுட்டியே இடம்பெற்றுள்ளன. ஊராரின் ஆடுகள் மேயும் கண்மாயில் சேரிப் பெண் சுள்ளி பொறுக்கக் கூடாது என்றால், அது வெறும் ஏல நிபந்தனையா, வன்கொடுமையா என்ற கேள்வியைக் காவல் நிலையத்திலும் எழுப்ப வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

சீமைக்கருவேலம் அகற்றப்பட வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. எப்படி என்பதில் நான்கு கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

முதலாவதாக, அகற்றும் பணி ஒப்பந்தக்காரருக்கும் இயந்திரத்திற்கும் முதலில் செல்லக் கூடாது. ஒப்பந்தக்காரர் இல்லாமல் பொதுப்பணி நடத்த முடியும் என்பதை 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் கொள்கையாகவே வகுத்திருந்தது. பட்டியல் சாதி, பழங்குடி மகளிர் குழுக்களுக்கு முன்னுரிமை தந்து, வெட்டிய மரத்தையும் அவர்களுக்கே உரிமையாக்கலாம். துளிர்க்கும் அடிக்கட்டையைத் தொடர்ந்து சில ஆண்டுகள் அகற்றினால்தான் மரம் ஒழியும். ஒருமுறை வந்து போகும் இயந்திரத்தால் அது ஆகாது. அவ்வூரிலேயே வாழும் மனிதரால்தான் ஆகும். எனவே இது நீதியின் கோரிக்கை மட்டுமன்று, சூழலியலின் தேவையும்கூட.

இரண்டாவதாக, தனியார் எடுக்கும் ஒவ்வொரு ஏலத்திலும் குறைந்தபட்சக் கூலி, முன்பணத் தடை, தொழிலாளர் பதிவேடு ஆகியவை கட்டாய நிபந்தனைகளாக வேண்டும். மீறினால் ஏலம் ரத்தாக வேண்டும்.

மூன்றாவதாக, முள் அகற்றுவதற்கு முன்பே நிலத்தின் வகைப்பாடும் பரப்பும் எல்லையும் அளந்து, கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். நீர்நிலையானால் அது நீர்நிலையாகவே நீடிக்கட்டும். மீன், புல், மரம் ஆகியவற்றின் அனுபவ உரிமையில் சேரிக்கு உறுதியான பங்கு வேண்டும். பஞ்சமி நிலமானால் உரியவருக்குத் திரும்ப வேண்டும். நீர்நிலை அல்லாத தீர்வை ஏற்பட்ட தரிசானால், நிலமற்ற ஏழைகளுக்கு ஒப்படை செய்ய வருவாய் நிலையாணை 15இல் வழி இருக்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டும்.

நான்காவதாக, கரிமூட்டத்தை நம்பியிருக்கும் குடும்பங்களின் கணக்கெடுப்பு, மரம் அகற்றும் திட்டத்தின் பகுதியாகவே இருக்க வேண்டும். மாற்று வாழ்வாதாரம் என்பது அகற்றிய பிறகு நினைவுக்கு வரும் பின்னிணைப்பாக இருத்தல் ஆகாது.

இவற்றுள் எதுவும் புதிய சட்டம் கேட்பதில்லை. இருக்கும் சட்டத்தை, இருக்கும் கிராம சபையில், எழுத்துமூலம் எழுப்பினால் தொடங்கிவிடலாம். தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அவற்றுள் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கூட்டம். உங்கள் ஊரின் கண்மாயில் முள் அகற்றும் ஏலம் யாருக்கு, எவ்வளவு தொகைக்கு, என்ன நிபந்தனையில் விடப்பட்டது என்று அந்தக் கூட்டத்தில் கேளுங்கள். விடை கிடைக்காவிடில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஏலப் பதிவேட்டின் நகலைக் கோருங்கள். தீர்மானப் புத்தகத்தில் உங்கள் கேள்வி பதிவாகிறதா என்று பார்த்த பிறகு கையொப்பமிடுங்கள். நாளை வழக்கு என்று வரும்போது, எங்களைப் போன்ற வழக்குரைஞர்கள் நீதிமன்றத்தில் முதலில் நீட்ட வேண்டிய தாள் அதுதான்.

கண்மாய்க் கரையில் நின்ற அந்தப் பெண்மணிக்கு நாங்கள் அன்று விடை சொல்ல முடியவில்லை. கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தோம். அவ்வூர் ஏலம் குறித்த எங்கள் மனு இப்போது வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. விடை வந்ததும் அதை எடுத்துக்கொண்டு அதே கரைக்குச் செல்வோம்.